இப்போதே வாங்குவதா, புதுசு வரட்டுமா?

செப்டம்பர் இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் வேளச்சேரியில் ஒரு மாலுக்குள் இருக்கும் பொம்மைக் கடைக்குப் போனேன். மகள் சோழிங்கநல்லூரில் இருக்கிறாள். அவளுடைய பையனுக்குப் பத்து வயது. காலாண்டு விடுமுறைக்கு எங்களிடம் வரும்போது 'காட்டான்' ஆட வேண்டும் என்று சொல்லியிருந்தான். சிநேகிதன் வீட்டில் ஆடிப் பார்த்திருக்கிறானாம். பெயரைக் கேட்டதும் என் மனைவி, "வீட்ல ஒரு காட்டான் இருக்கறது போதாதா?" என்றாள். அது ஜெர்மனிக்காரர் ஒருவர் உருவாக்கிய பலகை ஆட்டம் என்று நான் விளக்கியும் அவள் சிரிப்பு அடங்கவில்லை.

கடைப் பையன் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தான். வைத்துவிட்டு என் நரைத்த தலையைப் பார்த்து என்ன தோன்றியதோ, குரலைத் தாழ்த்தினான்.

"அவசரமா சார்? 22ஆம் தேதிக்கு மேல வாங்க, ஜி.எஸ்.டி. குறையுது. அதுவுமில்லாம, இதுக்கு வெளிநாட்ல புது எடிஷன் வந்திருக்கு சார். நம்ம கடைக்கு எப்ப வரும்னு தெரியல. இது பழசு."

விற்க வேண்டியவனே வாங்காதே என்கிறான். ஒன்றுக்கு இரண்டு காரணமும் சொல்கிறான். நான் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்துவிட்டேன்.

மேடவாக்கம் வழியாகத் தாம்பரம் திரும்பும் பஸ்ஸில் அந்த இரண்டு காரணங்களையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தேன். முப்பத்தைந்து வருடம் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு தள்ளியவன் நான். ஒரு கோப்பைக் கிடப்பில் போடுவதில் இரண்டு வகை உண்டு என்பது எங்களுக்குத் தெரியும். ஒன்று, "இன்ன தேதியில் மீண்டும் வைக்கவும்" என்று ஓரத்தில் பி.எஃப். தேதி எழுதிக் கிடப்பில் போடுவது. அந்தக் கோப்பு அந்த நாளில் தானாக மேசைக்கு வந்துவிடும். மற்றது, தேதியே எழுதாமல் போடுவது. அது பீரோவின் அடித்தட்டுக்குப் போய், கட்டிய நாடா இற்றுப்போகும் வரை அங்கேயே கிடக்கும். கடைப் பையன் சொன்ன இரண்டு காரணங்களும் இந்த இரண்டு வகையைச் சேர்ந்தவை.

முதலில் வரி விஷயம். எங்கள் பக்கத்தில் ஜி.எஸ்.டி. என்றால் முதலில் நினைவுக்கு வருவது ரோடுதான். தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் இருப்பவர்களுக்கு அந்த ரோட்டைக் கடப்பதே ஒரு வரி. இந்த ஜி.எஸ்.டி. விஷயமாகப் பிரதமர் ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் பேசினார். செப்டம்பர் 3ஆம் தேதி கவுன்சில் கூடி முடிவெடுத்தது. சீட்டுக்கட்டு, செஸ், கேரம் பலகை, லூடோ மாதிரியான பலகை ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் 12 சதவீதம் இருந்த வரி 5 ஆகிறது. செப்டம்பர் 22 முதல் அமல். அன்றைக்குத்தான் நவராத்திரி ஆரம்பம்.

கணக்குப் போட்டேன். வரிக்கு முன் 1,000 ரூபாய் விலையுள்ள பெட்டி, பழைய வரியில் 1,120. புதிய வரியில் 1,050. ஆயிரத்துக்கு எழுபது ரூபாய் மிச்சம். பேரன் வருவது எப்படியும் 27ஆம் தேதிக்கு மேல்தான். 22 வரை காத்திருப்பதால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. மூத்த குடிமக்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் பத்து டோக்கன் கொடுக்கிறார்களே, அதில் இரண்டு மீதி இருந்தது. ஆகவே இரண்டாம் முறை போய்வரச் செலவும் கிடையாது. இது தேதி போட்ட கோப்பு. காத்திருக்கலாம்.

இரண்டாவது காரணம் அப்படிப்பட்டதல்ல. புதிய பதிப்பு வரும். எப்போது வரும், என்ன விலைக்கு வரும் என்று கடைக்காரனுக்கே தெரியாது. அதற்காகக் காத்திருக்கலாமா? இதைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பலகை ஆட்டங்களில் புதிய பதிப்பு என்று சொல்கிறார்களே, உள்ளே உண்மையில் என்ன மாறுகிறது? நான் பார்த்தவரையில் பெட்டி மாறும், படம் மாறும், பெயர்கூட மாறும். ஆட்டம் அப்படியே இருக்கும். காட்டானையே எடுத்துக்கொள்வோம். கிளாவுஸ் டாய்பர் என்ற ஜெர்மனிக்காரர் 1995இல் கொண்டுவந்தார். அந்த வருடமே அந்த நாட்டின் 'வருடத்தின் சிறந்த ஆட்டம்' விருது கிடைத்தது. 2015இல் நீளமான பெயரைச் சுருக்கி வெறும் காட்டான் ஆக்கினார்கள். 2025இல் முப்பதாவது வருடத்துக்குப் புதுப் படங்களோடு இன்னொரு பதிப்பு. பத்தொன்பது அறுகோணத் துண்டுகளை அடுக்கித் தீவு அமைப்பதும், மரம், செங்கல், கம்பளி, கோதுமை, தாது என்று ஐந்து சரக்குகளைப் பண்டமாற்று செய்வதும், பகடையில் ஏழு விழுந்தால் திருடன் கிளம்புவதும், பத்துப் புள்ளி எடுத்தவர் ஜெயிப்பதும் அன்றைக்கு இருந்த மாதிரியேதான் இன்றைக்கும்.

பரமபதத்தைப் பாருங்கள். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்விழிக்க நம் வீடுகளில் ஆடியது. பாம்பு என்றால் பாவம், ஏணி என்றால் புண்ணியம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்துக்குப் போய் அங்கே பிள்ளைகளின் ஆட்டமாயிற்று. 1943இல் அமெரிக்காவில் மில்டன் பிராட்லி கம்பெனி பாம்புகளை எடுத்துவிட்டுச் சறுக்குமரம் போட்டு வெளியிட்டது. பாம்பு சறுக்குமரமானாலும் 99இலிருந்து கீழே விழுகிற வயிற்றெரிச்சல் ஒன்றுதானே!

பழைய பதிப்பில் மட்டும் கிடைப்பதும் உண்டு. எங்கள் வீட்டுப் பரணில் 1987இல் மகளுக்கு வாங்கிய வியாபார ஆட்டப் பலகை ஒன்று இருக்கிறது. அதில் பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் என்றே அச்சிட்டிருக்கும். அவள் அதைக் கேட்டது 1985இல். "நாலாவது சம்பளக் கமிஷன் வரட்டும், அரியர்ஸ் கைக்கு வந்ததும் வாங்கித் தரேன்" என்றேன். கமிஷன் பரிந்துரை 1986 ஜனவரி முதல் தேதியிட்டு அமலானது. அரியர்ஸ் கைக்கு வந்து நான் வாங்குவதற்குள் அவள் கேட்ட சுவாரசியம் போய்விட்டது. பத்துத் தடவை ஆடியிருப்பாளா, சந்தேகம். இப்போது பேரன் அதைப் பிரித்து, "தாத்தா, மெட்ராஸ் எங்க இருக்கு?" என்று கேட்கிறான். பழைய பதிப்பு என்பதால்தான் அந்தக் கேள்வி வந்தது, அதற்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் பதிலும் சொல்ல முடிந்தது. ஆனால் அவன் அம்மா கேட்ட வயதில் அவளோடு ஆட வேண்டிய சாயங்காலங்கள் அந்தப் பெட்டிக்குள் இல்லை.

அதிலிருந்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதற்கு என் அக்காவின் கதையைச் சொல்ல வேண்டும்.

நானும் அக்காவும் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்கள். அவள் என்னைவிட ஐந்து வயது மூத்தவள். எங்கள் வீட்டில் அப்போது இரண்டு வகை ஆட்டம் இருந்தது. ஒன்று பாட்டியுடையது. மரப் பல்லாங்குழி, பித்தளைத் தாயக்கட்டை. இன்னொன்று, சைகோனில் வேலை பார்த்த பெரியப்பா ஊர் திரும்பியபோது கொண்டுவந்த 'பெத்தி ஷ்வோ'. சின்னக் குதிரைகள் என்று அர்த்தம். நாலு நிறத்தில் மரக் குதிரைகளை வைத்து ஆடும் பிரெஞ்சு ஆட்டம். நம் ஊர் பச்சிசியைத்தான் 1896இல் இங்கிலாந்தில் லூடோ என்று பதிவு செய்தார்கள். பெத்தி ஷ்வோவும் அதே குடும்பம். தாயத்தில் காய் இறங்க ஒன்று விழ வேண்டும், குதிரை லாயத்தை விட்டுக் கிளம்ப ஆறு விழ வேண்டும். "பாட்டிக்கு ஒண்ணு போதும், வெள்ளைக்காரனுக்கு ஆறு வேணும்" என்பாள் அக்கா.

பள்ளியில் அக்காவின் ஆசிரியை ஒருவரிடம் ஸ்க்ராபிள் பெட்டி இருந்தது. வியாழக்கிழமை மத்தியானம் நல்ல மார்க் வாங்கும் பெண்கள் நாலு பேரைக் கூப்பிட்டு வைத்து ஆடுவாராம். அக்கா அதில் ஒருத்தி. வீட்டுக்கு வந்து என்னிடம் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லுவாள், எந்தக் கட்டத்தில் வைத்தேன், எத்தனை புள்ளி என்று. அமெரிக்காவில் வேலை இழந்த ஒரு கட்டடக் கலைஞர், ஆல்ஃபிரட் பட்ஸ், 1930களில் உருவாக்கிய ஆட்டம் அது. 1948இல்தான் ஸ்க்ராபிள் என்ற பெயரே வந்தது. அதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. எங்களைப் பொறுத்தவரை அது அந்த ஆசிரியையின் ஆட்டம். அக்காவுக்குப் பதினெட்டு வயதில் கல்யாணம் ஆயிற்று. படிப்பு நின்றது. வியாழக்கிழமையும் நின்றது.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை, "பிரெஞ்சு ஸ்க்ராபிள் ஒண்ணு கிடைச்சா வாங்கிட்டு வாடா தம்பி" என்று சொல்லியிருக்கிறாள். மெட்ராஸில் கிடைத்தது ஆங்கிலப் பெட்டிதான். ஒரு தடவை அதையே வாங்கிக்கொண்டு போனேன். ஆடிப் பார்த்துவிட்டு, சரிப்படாது என்று மூடி வைத்துவிட்டாள். அவள் சொன்னது நியாயம். இரண்டு பெட்டியும் ஒன்றல்ல. ஆங்கிலத்தில் நூறு எழுத்துக் கட்டைகள், பிரெஞ்சில் நூற்று இரண்டு. பிரெஞ்சில் 'ஈ' பதினைந்து இருக்கும், ஆங்கிலத்தில் பன்னிரண்டு. பிரெஞ்சுக்காரனுக்கு 'கே', 'டபிள்யூ' அபூர்வம், அதனால் ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி. ஆங்கிலத்தில் அவற்றுக்கு ஐந்தும் நாலும்தான். ஒரு மொழியின் எடைக்கல்லை வைத்து இன்னொரு மொழியை நிறுக்க முடியாது.

அக்காவின் மகன் பாரிஸ் பக்கத்தில் இருக்கிறான். வருடம் ஒரு தடவை, ஆகஸ்டில் வருவான். 2024இல் கிளம்புவதற்கு முன்னால் எனக்குப் போன் செய்தான். "மாமா, அம்மாவுக்கு ஸ்க்ராபிள் வாங்கிட்டு வரட்டுமா? கடையில பாத்தேன்" என்றான். அந்த வருடம் ஏப்ரலில்தான் மாட்டெல் கம்பெனி ஐரோப்பாவில் இரண்டு பக்கமும் ஆடக்கூடிய ஒரு பலகையை வெளியிட்டிருந்தது. ஒரு பக்கம் வழக்கமான ஆட்டம், மறுபக்கம் போட்டியில்லாமல் சேர்ந்து ஆடும் எளிய ஆட்டம். செய்தியில் படித்திருந்தேன். அவன் பார்த்தது பழைய பெட்டி. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பழசை எதுக்குடா வாங்கறே? புதுசு வந்திருக்காம். விசாரிச்சு அடுத்த வருஷம் அதைக் கொண்டு வா. அறுபது வருஷம் காத்திருந்தவ, இன்னும் ஒரு வருஷம் இருக்க மாட்டாளா?"

அகராதி விஷயத்தையும் நானே சேர்த்துக்கொண்டேன். பிரெஞ்சு ஸ்க்ராபிளுக்கென்று லாருஸ் பதிப்பகம் 1990 முதல் ஒரு வார்த்தைத் தொகுப்பு போடுகிறது. ஏறக்குறைய நாலு வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிப்பார்கள். கடைசியாகப் புதுப்பித்தது 2024 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. "அதையும் சேர்த்து வாங்கு, எல்லாம் ஒரே செட்டா இருக்கட்டும்" என்றேன். எழுத்தர் புத்தி. கோப்பில் ஒரு இணைப்பு குறைந்தாலும் மேலே அனுப்ப மனசு வராது.

அவன் 2025 ஆகஸ்டில் எல்லாவற்றையும் கொண்டுவந்தான். புதுப் பெட்டி, புது அகராதி, சீல் பிரிக்காமல். நான் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி போய்ச் சேர்ந்தேன். அக்கா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பலகையை விரித்து, எழுத்துகளைக் குலுக்கி, ஆளுக்கு ஏழு எடுத்துக்கொண்டோம். அவள் தன் கட்டைகளைத் தாங்கியில் அடுக்கினாள். பிறகு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணை இடுக்கி, வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னக்கா, வார்த்தை வரலியா?"

"வார்த்தை வருதுடா. எழுத்துதான் வரல."

விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துபோகும் வியாதி. மாக்குலர் டீஜெனரேஷன் என்கிறார் டாக்டர். ஓரப் பார்வை இருக்கும், நேராகப் பார்க்கும் இடத்தில் ஒரு புகைமூட்டம் நிற்கும். எதிரில் வருகிறவர் வருவது தெரியும், முகம் தெரியாது. கடந்த பத்து மாதத்தில் வேகமாக முற்றியிருக்கிறது. போனில் பேசும்போது அவள் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. முந்திய ஆகஸ்டில் அவள் தினசரிப் பேப்பரைக் கண்ணாடி போட்டுக்கொண்டு தானே படித்தாள். அந்த ஆகஸ்டில் அந்தப் பழைய பெட்டி வந்திருந்தால் பத்து மாதம் ஆடியிருப்பாள். மகளும் பேத்தியும் வீட்டிலேயே இருக்கிறார்கள், பக்கத்துத் தெருவில் கூடப் படித்த சிநேகிதி ஒருத்தி இருக்கிறாள். ஆட ஆள் இருந்தது, கண்ணும் இருந்தது. பெட்டிதான் இல்லை. அது இல்லாமல் போனதற்குக் காரணம் நான்.

அவள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. கட்டை ஒன்றை எடுத்து விரலால் தடவினாள். வழவழவென்று அச்சு, விரலுக்கு ஒன்றும் தட்டுப்படாது. திருப்பி வைத்துவிட்டு, "உள்ளே பரண்ல பாட்டியோட பல்லாங்குழி இருக்கும், எடுத்துட்டு வா" என்றாள்.

தூசி தட்டி எடுத்துவந்தேன். ஒரு பக்கத்துக்கு ஏழு குழி, ஆகப் பதினாலு. எங்கள் வீட்டு வழக்கம் குழிக்கு ஐந்து சோழி. பதினாலைந்து எழுபது. அக்கா அதை 'சுவாசாந்த் தீஸ்' என்றுதான் எண்ணுவாள். பிரெஞ்சில் எழுபதுக்குத் தனி வார்த்தை கிடையாது, அறுபதும் பத்தும் என்றுதான் சொல்ல வேண்டும். சோழிகளை நிரப்பினோம். ஆட்டம் ஆரம்பித்ததும்தான் பார்த்தேன், அவளுக்குக் கண்ணே தேவைப்படவில்லை. ஒரு குழியை அள்ளினால் கை எடையிலேயே எத்தனை என்று தெரிகிறது. ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போய், கடைசிச் சோழி விழுந்ததும் அடுத்த குழியை அள்ளுகிறாள். காலிக் குழி வந்தால் விரலால் துடைத்து, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்கிறாள். ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அது பசு, அந்தப் பக்கத்துக்காரருக்குச் சொந்தம். என் பக்கத்தில் பசு சேர்ந்ததை நான் கவனிக்கும் முன்பே, "உன் மூணாவது குழியில பசு இருக்கு, எடுத்துக்கோ. ஏமாளி!" என்றாள். மூன்று ஆட்டம் ஆடினோம். மூன்றிலும் தோற்றேன்.

கீழடியில் தந்தத்தில் செய்த பகடையும் சுடுமண் ஆட்டக்காய்களும் கிடைத்திருக்கின்றன. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் அங்கே உட்கார்ந்து ஆடியவன் எந்தப் புதிய பதிப்புக்காகக் காத்திருந்தான்? பல்லாங்குழிக்கும் தாயத்துக்கும் பதிப்பு கிடையாது. சென்னையில் கிரீடா போன்றவர்கள் இன்றைக்கு அவற்றைத் துணியிலும் மரத்திலும் புதிதாகச் செய்து விற்கிறார்கள், அழகாகவே இருக்கின்றன. ஆனால் பாட்டி ஆடியதும் இதுவும் ஒன்றே. கையில் சோழி இல்லாவிட்டால் புளியங்கொட்டை, குழி இல்லாவிட்டால் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் பதினாலு வட்டம். இப்போதே உட்காரலாம்.

அந்த ஆகஸ்ட் பயணம் முடிந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில்தான் வேளச்சேரிக் கடைப் பையன் என்னிடம், "இது பழசு சார், புது எடிஷன் வரும்" என்றான். ஆட்டத்துக்குப் புதிய பதிப்பு வரும். ஆடுகிறவர்களுக்கு வராது. பேரனுக்குப் பத்து வயது. இன்னும் இரண்டு வருடம் போனால் தாத்தாவோடு உட்கார்ந்து ஆட அவனுக்கு நேரமும் இருக்காது, மனசும் இருக்காது. எனக்கு எழுபத்து மூன்று. இந்த இரண்டு கணக்கிலும் எந்தக் கவுன்சிலும் கூடிச் சலுகை அறிவிக்கப்போவதில்லை.

செப்டம்பர் 24ஆம் தேதி மறுபடி போனேன். வரி குறைந்த விலையில், அந்தப் பழைய பதிப்பையே வாங்கினேன். பையன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். "புதுசு வேணாமா சார்?" என்றான். "அது வர்றப்போ நீ வேற யாருக்காவது வித்துக்கோப்பா" என்றேன்.

கொலுப்படிக்குப் பக்கத்தில் பாய் விரித்து ஆடினோம். பேரன், நான், என் மனைவி. மூன்று பேர் இருந்தால்தான் ஆட்டம். விதிகள் எனக்குப் புரிய இரண்டு நாள் ஆயிற்று, அவளுக்கு அரை மணி நேரம். காய்கறிக் கடையில் பேரம் பேசிப் பழகிய கை. "ஒரு செங்கல் குடுத்தா ரெண்டு கோதுமை தருவியா? இல்லேன்னா போ, நான் உங்க தாத்தாகிட்ட வாங்கிக்கிறேன்" என்று பேரனைத் திணற அடித்தாள். விஜயதசமியன்று சுண்டல் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்துப் புள்ளி எடுத்து ஜெயித்தவளும் அவள்தான். காட்டானைப் பற்றி இப்போது வீட்டில் யாரும் கேலி பேசுவதில்லை.

என் வயதுக்காரர்கள் இதைப் படித்தால், நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். விலை குறையும் என்றால், எந்தத் தேதியில் என்று கேளுங்கள். தேதி இருந்து, அதற்குள் ஆட ஆள் வரப்போவதில்லை என்றால் தாராளமாகக் காத்திருங்கள். எழுபது ரூபாய் என்றாலும் காசு காசுதான். புதிய பதிப்பு என்றால், விதி மாறியிருக்கிறதா அல்லது படம் மட்டும் மாறியிருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் படம்தான். வயதானவர்களுக்கு வாங்குவதென்றால் எந்தப் பதிப்பு என்று பார்க்காதீர்கள், எழுத்து எவ்வளவு பெரிது என்று பாருங்கள். பெரிய எழுத்துப் பெட்டிகளும், தடவி அறியும்படி செய்த ஸ்க்ராபிளும் உலகத்தில் உண்டு என்பதை நான் பெட்டி வந்து சேர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். எல்லாவற்றுக்கும் முன்னால், யாரோடு ஆடப் போகிறீர்களோ அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு போன் போட்டு விசாரித்துவிடுங்கள்.

தீபாவளி கழிந்து மறுபடி புதுச்சேரி போனேன். பல்லாங்குழியைத்தான் எடுக்கச் சொல்வாள் என்று நினைத்தேன். ஸ்க்ராபிளைக் கொண்டுவரச் சொன்னாள்.

"எப்படிக்கா?"

"நீ என் எழுத்தைப் படிச்சுச் சொல்லு. நான் மனசுலயே அடுக்கிக்கிறேன். பலகையில என்ன இருக்குன்னும் சொல்லு."

"உன் எழுத்தெல்லாம் எனக்குத் தெரிஞ்சிடுமே. ஆட்டம் எப்படி நியாயமா இருக்கும்?"

"தெரிஞ்சா என்ன? உனக்கு அவ்வளவு வார்த்தை தெரியாதுடா தம்பி."

உண்மைதான். ஒவ்வொரு முறையும் ஏழு எழுத்தை அவள் காதருகில் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு, மடியில் விரலால் ஏதோ எழுதிப் பார்த்துக்கொள்வாள். நாலாவது சுற்றில் அவளுக்கு 'கே' வந்தது, கூடவே 'டபிள்யூ'வும் வந்தது. இரண்டும் பெட்டிக்கு ஒன்றுதான் இருக்கும். நான் சொல்லி முடிக்கவில்லை, அவள் சிரித்துவிட்டாள்.

"கிவி" என்றாள். "பழம்டா. உங்க ஊர்ல கூட இப்ப விக்கிறானாமே."

அறுபது வருடத்துக்கு முன் வியாழக்கிழமை மத்தியானங்களில் நாங்கள் யாரும் கேட்டே இராத பழம். பத்து, ஒன்று, பத்து, ஒன்று. இருபத்திரண்டு புள்ளி. ஆங்கிலப் பெட்டியாக இருந்திருந்தால் பதினொன்றுதான். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். அடுத்த மாதம் முதல் வியாழக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தேதியைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.